மாடி வீட்டு எத்தியோப்பியா பையனுக்கு ஜனவரி 7 தான் கிறிஸ்துமஸாம், கீழ நாங்க மாலை போட்டிருக்கோம், என்ன பண்ணலாம்?

கன்னங்குறிச்சி_அக்கா
டிசம்பர் 28, இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம்ங்க. கொஞ்சம் பெருசா தான் எழுதுவேன் பொறுத்துக்குங்க. எங்க வீடு சேலம் கன்னங்குறிச்சி, மாடியை ஆகஸ்ட்ல இருந்து ரெண்டு எத்தியோப்பியா பசங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கோம். ரெண்டு பேரும் இங்க ஒரு காலேஜ்ல எம்எஸ்சி படிக்கறாங்க. நல்ல பசங்க, சத்தம் கித்தம் கிடையாது, அஞ்சாம் தேதி ஆனா வாடகை டாண்ணு வந்துரும். தமிழ்ல "அக்கா தண்ணி வரல" ஒண்ணு மட்டும் சுத்தமா சொல்லுவாங்க.

விஷயம் என்னன்னா நெட்டையா இருக்கற பையன் நவம்பர் கடைசில இருந்து டீ குடுத்தா வேண்டாங்கறான். பால் வேண்டாமாம். சரி வயிறு சரியில்ல போலன்னு விட்டேன், அப்பறம் முட்டை வேண்டாம், தயிர் வேண்டாம், நெய் தோசை வேண்டாம்னு ஒண்ணொண்ணா ஆரம்பிச்சான். காலைல ஒண்ணுமே சாப்பிடறதில்ல, எப்ப தான்டா சாப்பிடுவேன்னு கேட்டா ஒம்போது மணிக்குங்கறான், ஆனா நான் பாக்கறப்ப மத்தியானம் மூணு மணிக்கு தான் தட்டு எடுக்கறான். எனக்கு ஒண்ணும் புரியல. கூட இருக்கற குட்டைப் பையன் சிக்கன் ரைஸ் வாங்கி வந்து நல்லா சாப்பிடறான்.

25-ம் தேதி அஸ்தம்பட்டில போய் பிளம் கேக் வாங்கி கொண்டு போய் குடுத்தேன். குட்டையன் நின்ன எடத்துலயே ரெண்டு பீஸ் முடிச்சுட்டான். இவன் நெஞ்சுல கை வெச்சு குனிஞ்சு வாங்கிகிட்டு அப்படியே ஃப்ரிட்ஜ் மேல வெச்சுட்டான், இன்னிக்கு வரைக்கும் அங்கயே இருக்கு. கழுத்துல கருப்புக் கயித்துல மரச் சிலுவை தொங்குது, கிறிஸ்டின் தான, கிறிஸ்துமஸ் கேக்கை வேண்டாங்கற கிறிஸ்டினை நான் இது வரைக்கும் பாத்ததில்லைங்க. மனசுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

நேத்து வந்து சொல்றான், அவங்களுக்கு கிறிஸ்துமஸ் ஜனவரி 7-ஆம், அன்னிக்கு விடிகாலைல மாடியில கோழி சமைச்சுக்கலாமான்னு. இங்க தான் சிக்கல். எங்க வீட்டுக்காரர் கார்த்திகை 1-ல மாலை போட்டாச்சு, ஏழாவது வருஷம், மகரஜோதிக்கு தான் போறார். வீட்ல முட்டை கூட வர்றதில்ல. குட்டையன்கிட்டயும் எல்லாத்தையும் வெளியவே சாப்பிட்டுட்டு வந்துருப்பான்னு சொல்லி வெச்சிருக்கேன், பாவம் கேட்டுகிட்டான். இப்ப பண்டிகைன்னு கேக்கறவன்கிட்ட முடியாதுன்னு எப்படி சொல்றது? வீட்டுக்காரர்கிட்ட இன்னும் வாயே தொறக்கல. உண்மையிலயே 7-ம் தேதி தானா? அவங்க ஊர்ல என்ன பண்ணுவாங்க? யாருக்காச்சும் தெரிஞ்சா சொல்லுங்க.


செவ்வாபேட்டை_மணி
டிசம்பர் 28, இரவு 11.15

ஜனவரி 7 ரஷ்யாக்காரங்க கிறிஸ்துமஸ் இல்ல? ஆப்பிரிக்கால ஏது. உங்க பையன் கோழி திங்க ஒரு சாக்கு கண்டுபுடிச்சிருக்கான் அவ்வளவு தான் ஹாஹா. மாலை போட்ட வீட்ல கோழியாம். வேற வீடு பாத்துக்கப்பான்னு சொல்லி விடுங்கக்கா.


அம்மாபேட்டை_குருசாமி
டிசம்பர் 29, காலை 5.50

சாமி சரணம். 18 வருஷம் மலைக்குப் போயி தென்னங்கன்னு வெச்சவன், அந்த அனுபவத்துல சொல்றேன். கட்டுப்பாடு மாலை போட்டவனுக்கு, மாடியில இருக்கறவனுக்கு இல்ல. வாசல் தனி அடுப்பு தனின்னா ஒரு தோஷமும் இல்லம்மா. மணி தம்பி, காலி பண்ணச் சொல்றதெல்லாம் பெரிய பேச்சு.


கன்னங்குறிச்சி_அக்கா
டிசம்பர் 29, காலை 7.05

சாமி, அடுப்பு தனி தான், ஆனா மாடிப்படி பூஜை ரூம் ஜன்னலை ஒட்டியே போகுது, வாசம் நேரா உள்ள வரும். அது தான் யோசனை.


ஏற்காடு_வாத்தியார்
டிசம்பர் 29, காலை 9.30

அம்மணி, அவன் கோவிச்சுக்கலம்மா, விரதம் இருக்கான். நான் எத்தியோப்பியால பஹிர் தார்ங்கற ஊர்ல ஆறு வருஷம் யுனிவர்சிட்டில பாடம் எடுத்தேன், தானா ஏரி ஓரம், நீல நைல் கிளம்பற எடம். நம்ம பக்கத்து வாத்தியாருங்க அங்க நெறைய பேர் இருந்தோம். அதனால நான் சொல்றதை நம்பலாம், மணி தம்பியும் கொஞ்சம் படிங்க.

அவங்க ஆர்த்தடாக்ஸ் சபைல கிறிஸ்துமஸுக்கு முன்னாடி 43 நாள் நோன்பு, நவம்பர் கடைசி வாரத்துல ஆரம்பிக்கும், "சோமே நெபியாத்"னு பேரு, தீர்க்கதரிசிங்க நோன்புன்னு அர்த்தம். கறி முட்டை பால் தயிர் வெண்ணெய் நெய் எதுவும் கூடாது. உங்க கேக்ல முட்டையும் வெண்ணெயும் இருக்கு, அவன் எப்படி தொடுவான், உங்க மனசு நோகக் கூடாதுன்னு வாங்கி வெச்சிருக்கான். நோன்பு கெட்டியா புடிக்கறவங்க மத்தியானம் மூணு வரைக்கும் தண்ணி கூட குடிக்க மாட்டாங்க. அப்பறம் அந்த ஒம்போது மணி சமாசாரம் படிச்சு தனியா சிரிச்சுகிட்டிருந்தேன், ஏன்னா அவங்க கடிகாரம் சூரியன் உதிக்கறப்ப தான் ஆரம்பிக்குது. நம்ம காலை ஏழு அவங்களுக்கு ஒண்ணு, நம்ம மத்தியானம் மூணு அவங்களுக்கு ஒம்போது. நான் போன மொத வாரம் ஒரு மீட்டிங் ரெண்டு மணிக்குன்னு சொன்னாங்க, சாப்பிட்டு ஏப்பம் விட்டுகிட்டு போனா காலைல எட்டு மணிக்கே முடிஞ்சு போச்சாம். பையன் உங்ககிட்ட பொய் சொல்லல.

இது போக, ஈஸ்டருக்கு அப்பறம் வர்ற 50 நாளைத் தவிர வருஷம் பூரா புதன், வெள்ளி ரெண்டு நாளும் நோன்பு, ஈஸ்டருக்கு முன்னாடி 55 நாள். எல்லாம் கூட்டினா சாதாரண ஜனங்களுக்கே வருஷத்துல 180 நாள் கிட்ட வரும், சாமியாருங்களுக்கு 250 வரைக்கும். அந்த குட்டைப் பையன் புராட்டஸ்டன்டா இருப்பான், அங்க "பென்டே"ன்னு சொல்லுவாங்க, அவங்களுக்கு இந்த நோன்பு இல்ல. ஆனா லீவும் பண்டிகையும் அவங்களுக்கும் ஜனவரி 7 தான். கேட்டுப் பாருங்க.

பண்டிகைக்கு பேரு "கென்னா". 6-ம் தேதி ராத்திரியே எல்லாரும் வெள்ளைத் துணி போத்திகிட்டு சர்ச்சுக்குப் போயிடுவாங்க, கைத்தறி பருத்தி, ஓரத்துல கலர் பார்டர், "நெதெலா"ன்னு சொல்லுவாங்க, நம்ம துண்டை ரெண்டா அகலப்படுத்தின மாதிரி இருக்கும். செருப்பு வெளிய. ஆம்பள ஒரு பக்கம் பொம்பள ஒரு பக்கம். பெஞ்சு கிடையாது, ராத்திரி பூரா நிக்கணும், நிக்க முடியாதவங்களுக்கு ஊனிக்க டி மாதிரி தலை வெச்ச ஒரு நெட்டைத் தடி குடுப்பாங்க. சாமியாருங்க கெபெரோன்னு பெரிய மத்தளத்தை கழுத்துல மாட்டிகிட்டு, கைல ஜல் ஜல்னு ஒரு வெள்ளித் தாளம் வெச்சுகிட்டு மெதுவா ஆடிகிட்டே பாடுவாங்க. பாட்டெல்லாம் கீஸ் மொழி, இப்ப வீட்ல யாரும் பேசாத பழைய பாஷை. விடியறதுக்கு முன்னாடி பூசை முடியும், வீட்டுக்கு வந்து தான் நோன்பு தொறப்பாங்க. உங்க பையன் விடிகாலைல கோழின்னு கேட்டது அதுக்குத்தான்.

ஒரு வருஷம் லாலிபெலாவுக்கு போயிருந்தேன். அதை எழுத உக்காந்தா கை நிக்காது. பாறையை மேல இருந்து கீழ குடைஞ்சு ஒரே கல்லா செதுக்கின கோயில்கள், 11 இருக்கு, கழுகுமலை வெட்டுவான் கோயில் பாத்திருந்தா அந்த வேலை என்னன்னு புரியும், ஆனா இது அதை விட எவ்வளவோ ஆழம். 800 வருஷத்துக்கு முன்னாடி லாலிபெலாங்கற ராஜா கட்டினதா சொல்றாங்க, அவர் பொறந்த நாளும் கிறிஸ்துமஸ் அன்னிக்கு தானாம், அதனால அங்க ரெட்டைப் பண்டிகை. கிராமத்து ஜனங்க நாள்கணக்கா நடந்து வர்றாங்க, பழனி பாதயாத்திரை மாதிரியே தலைல மூட்டை, கைல கம்பு. ஏற்காடு 5000 அடிக்கே மார்கழில நமக்குப் பல்லு அடிக்குது, அது 8000 அடிக்கு மேல, ராத்திரி பூரா வெளிலயே கெடந்தோம். விடிஞ்சதும் பேதே மரியம்ங்கற கோயிலச் சுத்தி பாறை விளிம்பு மேல ஒரு வரிசை சாமியாருங்க, கீழ முத்தத்துல ஒரு வரிசை, மேல இருந்து இவங்க பாட கீழ இருந்து அவங்க எடுக்க, "பேஸா குலு"ன்னு அந்தப் பாட்டுக்குப் பேரு. எனக்கு பக்தி அவ்வளவா கிடையாது. இருந்தாலும் அன்னிக்கு வாய் பேச வரல.

ஒரு முக்கியமான விஷயம், கோழி. அங்க கிறிஸ்டின் அறுத்ததை முஸ்லிம் சாப்பிட மாட்டாங்க, முஸ்லிம் அறுத்ததை ஆர்த்தடாக்ஸ் சாப்பிட மாட்டாங்க, சண்டை இல்ல, பழக்கம். பன்னிக்கறி ரெண்டு பேருமே தொட மாட்டாங்க. வெளிநாடு வந்ததும் நெறைய பேர் அதெல்லாம் பாக்கறதில்ல, ஆனா நோன்பு தொறக்கற கோழின்னா உயிர்க்கோழி வாங்கி அவனே அறுக்கணும்னு நெனைப்பான். மாலை போட்ட வீட்டு மொட்டை மாடில அது எப்படி முடியும். அதை மொதல்லயே அவன்கிட்ட பேசிடுங்க அம்மணி.


செவ்வாபேட்டை_மணி
டிசம்பர் 29, மதியம் 1.20

சார் மன்னிச்சுக்குங்க தெரியாம சொல்லிட்டேன். ஆனா 25 எப்படி 7 ஆச்சு, இயேசு ஒருத்தர் தான, ரெண்டு பர்த்டேயா?


அரிசிபாளையம்_ஜோ
டிசம்பர் 29, மதியம் 2.45

மணி, நான் ஆர்சி, இருந்தாலும் இது தெரியும் சொல்றேன். நாள் ஒண்ணு தான், காலண்டர் தான் வேற. பழைய ஜூலியன் காலண்டர்ல நாலு வருஷத்துக்கு ஒரு தடவ கண்ணை மூடிகிட்டு லீப் வருஷம், அதனால சூரியனோட கணக்கு கொஞ்சம் கொஞ்சமா விலகிடுச்சு, 1582-ல போப் கிரகோரி அதை சரி பண்ணினார். சரி பண்ணாத கணக்கு இப்ப 13 நாள் பின்னாடி நிக்குது, டிசம்பர் 25-ஓட 13 கூட்டு, ஜனவரி 7. ரஷ்யாவும் அப்படி தான், எகிப்து காப்டிக்கும் அப்படி தான். 2100 நமக்கு லீப் வருஷம் இல்ல அவங்களுக்கு லீப் வருஷம், அதுக்கப்பறம் கணக்கு இன்னொரு நாள் தள்ளி 8-ம் தேதி ஆகும், அப்ப நாம யாரும் இருக்க மாட்டோம் விடுங்க.

எத்தியோப்பியால கூடுதலா ஒண்ணு, மாசமே 13. பன்னெண்டு மாசம் முப்பது முப்பது நாள், மிச்சம் அஞ்சு நாளோ ஆறு நாளோ பாகுமேன்னு ஒரு குட்டி மாசம். வருஷமும் நம்மள விட ஏழெட்டு பின்னாடி, நம்ம 2025 டிசம்பர் அவங்களுக்கு 2018. 2000-வது வருஷப் பொறப்பை அவங்க நம்ம 2007 செப்டம்பர்ல கொண்டாடினாங்க. கிறிஸ்துமஸ் அவங்க காலண்டர்ல தாஹ்சாஸ் 29.

அக்கா, நோன்பு ஆப்பிரிக்காக்காரங்களுக்கு மட்டும்னு நெனைக்காதீங்க. கேரளால மலங்கரை ஆர்த்தடாக்ஸ் இருக்காங்கல்ல, அவங்களும் எத்தியோப்பியா சபையும் ஒரே குடும்பம், காப்டிக், ஆர்மீனியா, சிரியா எல்லாம் அந்தக் கூட்டம் தான், 451-ல கால்சிடன் சங்கத்துல பிரிஞ்சவங்க. மலங்கரைக்காரங்களுக்கும் கிறிஸ்துமஸுக்கு முன்னாடி 25 நோம்பு உண்டு, நாள் மட்டும் டிசம்பர் 25. எங்க ஆளுங்க தான் டிசம்பர் 1-லயே கேக் வெட்ட ஆரம்பிச்சுடறோம்.


நாகலூர்_எஸ்டேட்
டிசம்பர் 29, இரவு 8.10

வாத்தியாரே நீங்க எத்தியோப்பியால இருந்தீங்கன்னு இத்தனை நாள் சொல்லவே இல்லையே, டீக்கடைல பாத்தா அரசியல் மட்டும் பேசறீங்க.

அக்கா நான் ஏற்காடு நாகலூர் பக்கம் சின்னதா காபித் தோட்டம் வெச்சிருக்கேன். பசங்கள 7-ம் தேதி காலைல இங்க அனுப்பி விடுங்க. தோட்டத்து ஆளுங்க தங்கற பழைய லைன் வீடு ஒண்ணு காலியா கெடக்கு, வெளிய விறகடுப்பு இருக்கு, கோழி நம்ம வீட்லயே சுத்துது, அவனே புடிச்சு அவனே அறுத்துக்கட்டும். எங்க பிக்கப் தினமும் காலைல கீழ அடிவாரம் வரும், அதுலயே ஏத்திகிட்டு வந்துரலாம், உங்க பூஜை ரூமுக்கு ஒரு வாசமும் வராது. இப்ப பழம் எடுக்கற சீசன், ஆளுங்க எல்லாம் தோட்டத்துல தான் இருப்பாங்க, நானும் எங்கயும் போக முடியாது.

எனக்கும் இதுல ஒரு சுயநலம் இருக்கு. அரபிகா காபிக்கு பொறந்த வீடே எத்தியோப்பியா தான். அங்க இருந்து ஏமன், ஏமன்ல இருந்து நம்ம ஊரு. ஏற்காட்டுக்கு 1820-கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் துரை கொண்டாந்து நட்டார்னு தாத்தா காலத்துல இருந்து கேட்டுகிட்டு வர்றோம். இருநூறு வருஷம் கழிச்சு அந்த ஊர்க்காரன் ஒருத்தன் நம்ம தோட்டத்துக்கு வந்து காபி போட்டா எப்படி இருக்கும்னு பாக்கணும்.


கன்னங்குறிச்சி_அக்கா
டிசம்பர் 30, காலை 6.40

நாகலூர் தம்பி உங்களுக்கு கோடி புண்ணியம்ங்க. வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன். 43 நாள் பால் கூட இல்லையான்னு ரெண்டு தடவ கேட்டார், அப்பறம் ஒண்ணும் பேசல, மாடிக்குப் போயி அவன்கிட்ட அரை மணி நேரம் என்னமோ பேசிகிட்டு இருந்தார், ரெண்டு பேருக்கும் பாஷை எப்படி போச்சோ தெரியல. இறங்கி வரும்போது "சாமி நாளைல இருந்து கீழ சாப்பிடட்டும், நமக்கும் அவருக்கும் சமையல் ஒண்ணு தான், தாளிக்கறது மட்டும் எண்ணெய்ல தாளி"ன்னுட்டார். அவனை சாமிங்கறார்!

வாத்தியாரய்யா ஒரு சந்தேகம். 7-ம் தேதி புதன்கிழமையா வருதே, புதன் நோன்புன்னீங்க, அப்ப கோழி? அப்பறம் அவங்க தோசை மாதிரி ஒண்ணு சாப்பிடுவாங்களாம், படம் காட்டினான், மாவு இங்க கிடைக்காதாம், ஏதாச்சும் வழி இருக்கா?


ஏற்காடு_வாத்தியார்
டிசம்பர் 30, காலை 10.15

சரியான கேள்வி அம்மணி. கென்னாவும் திம்கெத்தும் புதன் வெள்ளில வந்தா நோன்பு கிடையாது, கோழி தாராளமா சாப்பிடலாம். திம்கெத்ங்கறது ஜனவரி 19, இயேசு ஞானஸ்நானம் எடுத்த நாள், உண்மைய சொன்னா அங்க கிறிஸ்துமஸை விட அது தான் பெரிய திருவிழா. ஒவ்வொரு கோயில்ல இருந்தும் உடன்படிக்கைப் பலகைய பட்டுத்துணி சுத்தி தலை மேல வெச்சு, கலர் குடை புடிச்சு தண்ணிக்கரைக்கு கொண்டு போவாங்க, அச்சு அசல் நம்ம தீர்த்தவாரி. சரி அது வேற கதை.

தோசை மாதிரி இருக்கறது இஞ்செரா. தெஃப்னு ஒரு தானியம், கேழ்வரகை விடப் பொடிசு. மாவைக் கரைச்சு ரெண்டு மூணு நாள் நல்லா புளிக்க விட்டு பெரிய கல்லுல ஊத்துவாங்க, ஒரு பக்கம் தான் வேகும், திருப்ப மாட்டாங்க, மேல எல்லாம் ஆப்பம் மாதிரி கண்ணு கண்ணா இருக்கும், கையளவு இல்ல, முறத்தளவு. அது தான் தட்டு, அது தான் சோறு. நடுவுல குழம்பு வகையெல்லாம் ஊத்தி சுத்தி உக்காந்து ஒரே தட்டுல பிச்சு சாப்பிடணும். அதுல "குர்ஷா"ன்னு ஒண்ணு உண்டு, பிரியமானவங்களுக்கு கவளம் உருட்டி வாய்ல ஊட்டுவாங்க, வேண்டாங்கக் கூடாது. உங்க வீட்டுக்காரர்கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க.

தெஃப் இங்க லேசுல கிடைக்காது. கேழ்வரகு எடுத்துக்குங்க. கேழ்வரகும் அந்த கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுல இருந்து நமக்கு வந்தது தான், அங்க "தகுசா"ன்னு சொல்லுவாங்க, கோஜாம் பக்கம் தெஃப்போட அதையும் கலந்து இஞ்செரா சுடறதை நான் கண்ணால பாத்திருக்கேன். சேலத்துக்காரன் களி கிண்டறது பூரா அவங்க வீட்டுத் தானியம். கேழ்வரகு மாவு மூணு பங்கு, பச்சரிசி மாவு ஒரு பங்கு, ரெண்டு நாள் புளிக்கட்டும், மாவு தண்ணியா இருக்கணும், மூடி போட்டு சுடுங்க.

நோன்புக் குழம்புக்கு பிரச்சினையே இல்ல, மசூர் பருப்பு, கடலை மாவுல செய்யற ஷிரோ, கீரை, உருளைக்கிழங்கு முட்டைக்கோஸ், எல்லாம் எண்ணெய்ல. பெர்பெரேன்னு மிளகாய்ப்பொடி வேணும், மிளகாயோட வெந்தயம், இஞ்சி, கொறாரிமான்னு ஒரு ஏலக்காய் ஜாதி எல்லாம் சேந்தது. அதை மட்டும் எந்த எத்தியோப்பியாக்காரனும் ஊர்ல இருந்து ஒரு பை கொண்டாந்திருப்பான், அவங்கம்மா குடுக்காம அனுப்பி இருக்க மாட்டாங்க.


கன்னங்குறிச்சி_அக்கா
ஜனவரி 8, மதியம் 3.30

எல்லாம் நல்லபடியா முடிஞ்சதுங்க, சொல்லணும்னு தான் வந்தேன். பெர்பெரே இருந்துச்சு, நாலு கிலோ! சூட்கேஸ்ல பாதி அது தானாம்.

6-ம் தேதி சாயங்காலம் மாடியில அவங்க ரெண்டு பேரும் எங்களுக்கு நோன்புச் சாப்பாடு போட்டாங்க. கேழ்வரகு இஞ்செரா மொத ரெண்டு கிழிஞ்சு போச்சு, மூணாவதுல இருந்து வந்துருச்சு, புளிப்பு ஜாஸ்தி, எனக்கு புடிச்சுது, எங்க பையன் மூஞ்சிய சுளிச்சான். பருப்பு அந்த மிளகாய்ப்பொடி போட்டது அவ்வளவு ருசி. எல்லாரும் உக்காந்ததும் இவன் ஒரு கவளம் உருட்டி நேரா எங்க வீட்டுக்காரர் வாய்க்கு கொண்டு போயிட்டான். வாத்தியாரய்யா சொன்னதை நான் அவர்கிட்ட சொல்ல மறந்தே போயிட்டேன். மாலை போட்டிருக்கறப்ப அவர் அடுத்தவங்க தட்டுல கூட கை வைக்க மாட்டாரு, எனக்கு நெஞ்சு பக்குன்னுச்சு. அவர் ஒரு நிமிஷம் அப்படியே பாத்தார், அப்பறம் பிரசாதம் வாங்கற மாதிரி ரெண்டு கையையும் நீட்டி கவளத்தை வாங்கி சாப்பிட்டுட்டார். பையனுக்கு அதுவே போதும் போல, பல்லு அத்தனையும் தெரிஞ்சுது.

ராத்திரி பூரா வெள்ளைத்துணி போத்திகிட்டு போன்ல அவங்க ஊர் பூசை ஓடிகிட்டு இருந்துச்சு, மாடியில நின்னுகிட்டே பாத்திருக்கான். நாலரைக்கு எங்க வீட்டுக்காரர் குளிச்சு சரணம் சொல்ல ஆரம்பிக்க, மேல இருந்து அந்த மத்தளச் சத்தம். நான் வாசல்ல கோலம் போட்டுகிட்டே ரெண்டையும் கேட்டுகிட்டு இருந்தேன். அஞ்சரைக்கு அவரே வண்டில கொண்டு போய் அடிவாரத்துல பிக்கப்ல ஏத்தி விட்டுட்டு வந்தார். மேல நடந்ததை நாகலூர் தம்பி சொல்லட்டும்.


நாகலூர்_எஸ்டேட்
ஜனவரி 8, இரவு 9.00

சேவல் தான் அக்கா, பெரிய சேவல். அறுக்கறதுக்கு முன்னாடி என்னமோ ஜெபம் சொன்னான். அப்பறம் பன்னெண்டு துண்டு, ஒண்ணு கூட இல்ல ஒண்ணு கம்மி இல்ல, எலும்பு இணுக்கு பாத்து பாத்து பிரிச்சான், எங்க லைன் பொம்பளைங்க எல்லாம் சுத்தி நின்னு வேடிக்கை. எலுமிச்சம்பழம் போட்டு ஏழெட்டு தண்ணி கழுவினான். வெங்காயம் மட்டும் ரெண்டு கிலோ, எண்ணெய் ஊத்தாம வெறும் சட்டில ஒரு மணி நேரம் வதக்கறான், பொறுமை போயிடுச்சு எனக்கு. அப்பறம் மிளகாய்ப்பொடி, மசாலா போட்டு காச்சின வெண்ணெய், கடைசில அவிச்ச முட்டை ஆளுக்கு ஒண்ணு. தோரோ வெத்னு பேரு. கருஞ்சிவப்பா பளபளன்னு இருந்துச்சு. காரம் ஆந்திராக்காரனே தண்ணி கேப்பான்.

காபிக்கு மொதல்ல தரையில பச்சைப் புல்லு பறிச்சுப் பரப்பினாங்க, சாம்பிராணி கேட்டாங்க, குடுத்தேன். நம்ம போன வருஷத்துக் கொட்டைய இரும்புச் சட்டில போட்டு கருக வறுத்து அந்தப் புகையோட சட்டியக் கொண்டு வந்து ஒவ்வொருத்தர் மூக்குக்கும் காட்டறான். உரல்ல இடிச்சான். ஜெபெனான்னு கழுத்து நீண்ட மண் ஜாடி வேணுமாம், நம்மகிட்ட ஏது, மண் கூஜால போட்டோம். மூணு தடவ ஊத்தணும், மொதல் தடவ அபோல், ரெண்டாவது தோனா, மூணாவது பரக்கா. மூணும் குடிக்காம எந்திரிக்கக் கூடாது. கடிச்சுக்க சோளப்பொரி. மூணாவது ஊத்தறதுக்குள்ள ரெண்டு மணி நேரம் ஓடிப் போச்சு, அன்னிக்கு பழம் எடுப்பு அவுட்டு.

எங்க காபி எப்படின்னு கேட்டேன். நல்லா இருக்கு, ஆனா எங்க ஊரு காபி கொஞ்சம் பூ வாசம் அடிக்கும்னான். நேர்மையான பையன்.

சாயங்காலம் வாத்தியார் லைன் பசங்கள சேத்துகிட்டு கென்னா ஆட்டம் சொல்லிக் குடுத்தார், கோணக் கம்பும் மர உருண்டையும் வெச்சு ஹாக்கி மாதிரி. இயேசு பொறந்த சேதி கேட்டு ஆட்டு இடையனுங்க கைல இருந்த கம்பாலயே சந்தோஷத்துல ஆடினதாம், பண்டிகை பேரே அந்த ஆட்டத்துக்கும். காபிக் கம்பு வெட்டி வெச்சிருந்தது பூரா காலி. வாத்தியார் முழங்கால்ல ஒரு அடி.


ஏற்காடு_வாத்தியார்
ஜனவரி 8, இரவு 9.40

அடிச்சது எஸ்டேட்காரர் தான், ஆனா "கென்னா ஆட்டத்துல எஜமான் கோவிச்சுக்கக் கூடாது"ன்னு அங்க ஒரு பழமொழி இருக்கு. அன்னிக்கு ஒரு நாள் வேலைக்காரன் முதலாளி கால்ல அடிச்சாலும் கேள்வி கிடையாது. அதனால விட்டுட்டேன்.


செவ்வாபேட்டை_மணி
ஜனவரி 9, காலை 11.00

அக்கா பையன் கழுத்துல இருக்கற சிலுவை போட்டோ கிடைக்குமா. நெட்ல எத்தியோப்பியா வெள்ளிச் சிலுவைன்னு தேடிப் பாத்து அசந்துட்டேன், எங்க பட்டறைல கொலுசுக்கு போடற பின்னல் மாதிரியே ஓட்டை ஓட்டையா வேலைப்பாடு.


ஏற்காடு_வாத்தியார்
ஜனவரி 9, மதியம் 12.30

மணி, அவன் போட்டிருக்கறது மரம். வெள்ளி என்கிட்ட ரெண்டு இருக்கு, வீட்டுக்கு வாங்க. லாலிபெலா சிலுவை, கோண்டர் சிலுவை, அக்சும் சிலுவைன்னு ஊருக்கு ஒரு டிசைன். அந்தக் காலத்துல ஆஸ்திரியா நாட்டு மரியா தெரசா வெள்ளிக்காசு, 1780-னு அச்சடிச்சது, அது தான் எத்தியோப்பியால புழங்குச்சு, தட்டானுங்க அதையே உருக்கி சிலுவை பண்ணினாங்க. நீங்க உரசிப் பாத்தா என்ன தரம்னு சொல்லிடுவீங்க, எனக்கும் தெரியணும்.


கன்னங்குறிச்சி_அக்கா
ஜனவரி 10, காலை 8.20

கடைசியா ஒண்ணு. அந்த கேக்கை 7-ம் தேதி சாயங்காலம் வந்து முழுசா சாப்பிட்டான், பதிமூணு நாள் ஆனது, கல்லு மாதிரி இருந்துச்சு, வேண்டாம்டான்னா கேக்கல. இப்ப பொங்கலுக்கு சர்க்கரைப் பொங்கல் குடுக்கலாமா, நெய் ஊத்தலாமா? மறுபடியும் ஃப்ரிட்ஜ் மேல போயிடக் கூடாது.


ஏற்காடு_வாத்தியார்
ஜனவரி 10, காலை 9.05

15 வியாழன், தாராளமா நெய் ஊத்துங்க அம்மணி. 14 போகி புதன், 16 வெள்ளி, அந்த ரெண்டு நாளும் வடை மட்டும் குடுங்க, தயிர் வடை வேண்டாம்.